ஆழ்கடல் மண்ணும் பூந்தொட்டி மண்ணும்

நான் குழாய் விற்கிறவன். பிவிசி குழாய், அதற்கு முழங்கை இணைப்பு, மூடி, பசை, வாளி, தண்ணீர்த் தொட்டி என்று என் கடையில் தொட்டதெல்லாம் பிளாஸ்டிக். என் மனைவியோ கடலில் பிளாஸ்டிக் எவ்வளவு கிடக்கிறது என்று ஆராய்கிறவள். பாம்பையும் கீரியையும் பிடித்து மாலை மாற்ற வைத்துவிட்டார்கள் என்று என் மச்சினன் கல்யாணத்தன்று சொன்னான். இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் அதையே சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.

உண்மையில் அவளுக்கு என் தொழில் மேல் கோபம் கிடையாது. என் சட்டை மேல்தான். கடையிலிருந்து வந்தால் நான் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். குளித்துவிட்டுப் பருத்தி உடைக்கு மாறிய பிறகுதான் வரவேற்பறை. படுக்கை விரிப்பு பருத்தி, திரைச்சீலை பருத்தி, என் பனியன் பருத்தி. மச்சினன் ஆசையாக வாங்கி வந்த பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் போர்வையை அவள் இரண்டு விரலால் தூக்கி, உறையிலேயே போட்டு, அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு செத்த எலியைக்கூட அவ்வளவு ஜாக்கிரதையாக யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள்.

காரணம் இருக்கிறது. கடல் நீரிலும் கடல் மண்ணிலும் அவள் தேடுவது கண்ணுக்கே தெரியாத நூலிழைகளை. அதே இழைகள்தான் நம் சட்டையிலிருந்தும் காற்சட்டையிலிருந்தும் ஓயாமல் உதிர்கின்றன. ஆய்வகத்தில் ஒருவர் பாலியெஸ்டர் சட்டையோடு குறுக்கே நடந்தால் போதும், கடலில் இல்லாதது தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கோ ஓர் ஆய்வகத்தில் ஆழ்கடலெங்கும் பச்சை இழை என்று எழுதிப் பெரிய பெயர் வாங்கினார்களாம். பிறகு யாரோ போய்ப் பார்த்தால் அந்த அறையின் ஜன்னல் திரை பச்சை.

அதனால்தான் என் மனைவி வெறும் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வாள். கழுவிய கண்ணாடித் தட்டு, உள்ளே ஒன்றும் இருக்காது. வேலை முடிந்ததும் முதலில் அந்த வெறும் தட்டைப் பார்ப்பாள். அதில் என்ன விழுந்திருக்கிறதோ அது அறையின் குப்பை, கடலுடையது அல்ல. அவளுடைய பழைய அறையில் அந்த வெறும் தட்டு ஒருநாள்கூட வெறுமையாக இருந்ததில்லை.

அவளிடம் ஒரு குழாய் இருந்தது. என் கடைக் குழாய் இல்லை, எஃகுக் குழாய், கை நீளம். ஆறு கொண்டுவரும் வண்டல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிற ஆழமான கடல் பள்ளம் ஒன்றில் கப்பலிலிருந்து அதை இறக்கிக் குத்தி, மண்ணை அடுக்குக் குலையாமல் எடுத்து வந்திருந்தார்கள். மேலே இந்த வருடத்து மண், அடியில் நம் பாட்டன் பூட்டனுக்கும் முந்தைய மண். பிளாஸ்டிக் எந்த அடுக்கில் ஆரம்பிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், இதுதான் அவளுடைய ஒரே கேள்வி. அதே கப்பலில் குழாய் கிடைத்த மற்றவர்கள் கண்ட கண்ட அறையில் திறந்து, கண்டதையெல்லாம் எழுதி, பதவி உயர்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் திறக்கவில்லை. தூசியில்லாத அறை ஒன்று கிடைத்தால்தான் திறப்பேன் என்று குழாயை உறைபெட்டியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தாள். கப்பல் இனி அந்தப் பக்கம் போகப் போவதில்லை. அந்தக் குழாய் கெட்டால் வேறு குழாய் இல்லை.

நிறுவனத்தின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'மேலாய்வு'. எதைப் பேசினாலும் 'இதில் மேலாய்வு தேவை' என்று முடிப்பார். மதியம் சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட அதே பதில் வரும் என்று சொல்வார்கள். படித்தது நிர்வாகம். கடலை அவர் நெருக்கமாகப் பார்த்தது விடுமுறையில் படகுச் சவாரி போனபோதுதான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பணம் புரட்டுவதில் கெட்டிக்காரர். பிளாஸ்டிக் நாற்காலி செய்து பெரிய ஆளான ஒருவரைப் பிடித்து, தூசியில்லாத அறைக்கு முழுச் செலவையும் வாங்கிவிட்டார்.

அறை தயாரான அன்று என் மனைவி வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் இன்னும் குளிக்கவில்லை, கடைச் சட்டையோடு இருந்தேன். அப்படியென்றால் எவ்வளவு சந்தோஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் போனவள் முகம் செத்துத் திரும்பி வந்தாள்.

"திறப்பு விழா வெக்கிறாராம். விழாவுல எல்லார் முன்னாடியும் என் குழாயைத் திறந்து காட்டணுமாம்."

"எங்க வெச்சு?"

"அந்த அறைக்குள்ளதான். வர்றவங்க எல்லாம் உள்ள வருவாங்களாம். கம்பளம் விரிக்கிறாங்க, ரிப்பன் கட்டறாங்க. செயற்கை உடையோட உள்ள வரக் கூடாதுன்னு வாசல்ல நான்தானேங்க பலகை மாட்டினேன்? கேட்டா, 'அந்த விதி வேலை செய்யறவங்களுக்கும்மா, விருந்தாளிக்கு இல்ல'ங்கறார்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. என் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுதுன்னு அவராவே ஞாபகப்படுத்தினார்."

சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். ஊரிலிருப்பவன் எல்லாம் குழாயைத் திறந்து பெயர் வாங்கிக்கொண்டு போக, பொறுத்திருந்தவளுக்கு இந்தக் கூலியா? குழாய் என்று வந்துவிட்டால் எனக்கும் இரண்டு விஷயம் தெரியும். ஞாயிறு மதியம் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதே தடிமனில் எஃகுக் குழாய் எடுத்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இடுக்கிகளால் பூட்டினேன். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்.

"இது ஏமாத்து வேலைங்க" என்றாள்.

"ஏமாத்து இல்லம்மா, செய்து காட்டறது. குழாயை எப்படித் திறக்கறதுன்னுதானே பாக்கணும் அவங்களுக்கு? பாத்துட்டுப் போகட்டும்."

உள்ளே போட மண் வேண்டுமே. வீட்டுக்குப் பின்னால் அவளுடைய பூந்தொட்டியில்தான் எடுத்தோம். நிறம் வேறு என்றாள், கரித்தூள் கலந்தேன். தண்ணீர் விட்டு இறுக்கி நிரப்பினோம். மனசு கேட்காமல் அவள் 'செய்முறை விளக்கத்துக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் குழாயில் ஒட்டினாள். விழா அன்று காலையில் மேலாய்வு அந்தத் தாளைப் பார்த்து, படத்தில் அசிங்கமாக விழும் என்று தன் கையாலேயே உரித்துப் போட்டார்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன், குடும்பத்தார் என்ற முறையில். அறையைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர், நான் வெளியே நின்றுகொண்டேன். வாசலில் சிவப்புக் கம்பளம், நடந்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற ரகம். பளபளவென்று நீல ரிப்பன். கத்தரி மொட்டை, நறுக்க முடியாமல் அறுத்தார்கள், ரிப்பன் நார் நாராகப் பிரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தூசியில்லாத அறைக்குள் தூசிதான் முதலில் அடியெடுத்து வைத்தது.

நாற்காலிக்காரர் மட்டும் வாசலில் நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். கட்டையான, சாதாரண மனிதர்.

"சார், நான் போட்டிருக்கறது மேல கீழ எல்லாம் பாலியெஸ்டர்தான். நான் வெளியவே நின்னு பாத்துக்கறேனே."

"ஐயோ, அது உங்களுக்கு இல்லைங்க. நீங்க கட்டின அறை" என்று மேலாய்வு அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கூட்டத்தில் விதியை மதித்தவர் பிளாஸ்டிக் செய்கிற ஒருவர்தான், அவரையும் விடவில்லை.

உள்ளே பெருங்கூட்டம். மேலாய்வு இடுக்கிகளைத் தானே கழற்றினார். குழாய் இரண்டாகப் பிளந்தது. நூற்றாண்டுகளாக வெளிச்சமே படாத மண், மனிதக் கண் இதுவரை பார்க்காத மண் என்று அவர் தழுதழுத்துக்கொண்டிருக்கும்போது அந்த மண்ணின் நடுவிலிருந்து ஒரு மண்புழு தலையை நீட்டியது. தொட்டியில் எடுத்தபோது நாங்கள் பார்க்கவில்லை. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாருங்கள், ஆழ்கடல் உயிரினம்!" என்றார் மேலாய்வு.

படம் எடுக்கிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நாற்காலிக்காரர் குனிந்து பார்த்தார்.

"இது மண்புழு மாதிரி இருக்கே சார்?"

"பாக்க அப்படித்தாங்க இருக்கும். மேலாய்வு தேவை."

கூட்டம் கலைந்ததும் என் மனைவி மேலாய்விடம் போய், அது உண்மையான குழாய் இல்லை, செய்து காட்ட மட்டும், உள்ளே தொட்டி மண் என்று தெளிவாகச் சொன்னாள். நான் காது கொடுத்துக் கேட்டேன். அவர் கைபேசியில் விழாப் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா, ரொம்ப நல்லா நடந்துச்சு" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அதற்குப் பிறகு அவள் அந்த அறையைக் கழுவினாள். கம்பளத்தைச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டுச் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் திரும்பத் திரும்பத் துடைத்தாள். தினமும் வெறும் தட்டை வைத்துப் பார்த்தாள். ரிப்பன் நீலம் வந்தது, கம்பளச் சிவப்பு வந்தது, மறுபடி துடைத்தாள். ஒருநாள் தட்டு உண்மையிலேயே வெறுமையாக இருந்தது. அன்றைக்குத்தான் உறைபெட்டியிலிருந்து தன் குழாயை எடுத்து, நீளவாக்கில் திறந்து, ஒரு பாதியை மட்டும் எண்ண ஆரம்பித்தாள்.

வேலை முடிந்த சாயங்காலம் என்னை வரச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

"கீழ ஒண்ணுமே இல்லைங்க."

"ஒண்ணுமே கிடைக்கலியா?"

"அய்யோ, இல்லைங்க! மேல நாலு விரல் அளவுக்குத்தான் பிளாஸ்டிக். அதுக்குக் கீழ ஒரு இழைகூட இல்ல. சுத்தம். நாம வர்றதுக்கு முன்னாடி கடல் அப்படித்தான் இருந்திருக்கு. நான் பாத்துட்டேன்."

ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சந்தோஷத்தில் அழுத ஒருத்தியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அழுதேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது: 'ஆழ்கடலின் அடிமண்ணிலும் பிளாஸ்டிக்: எல்லா அடுக்கிலும் நிரம்பியிருப்பதாக இயக்குநர் அறிவிப்பு.' பக்கத்துக் கட்டட ஆய்வகத்தில் பூந்தொட்டி மண்ணைக் கொடுத்து மேலாய்வு எண்ண வைத்திருக்கிறார். கம்பளமும் ரிப்பனும் வந்தவர்கள் சட்டையும் சேர்ந்து கொட்டியதில் எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. நாலா பக்கமிருந்தும் பாராட்டு, நிதி தருகிறோம் என்று அழைப்பு. பிளாஸ்டிக் ஒழிப்புக்கான ஆய்வுத் தேவைகளை வகுக்க நிபுணர் கூட்டம் ஒன்றுக்கும் ஏற்பாடாகிவிட்டது.

என் மனைவி நேரே அவர் அறைக்குப் போனாள். இந்தத் தடவை அவருக்குக் கேட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எந்தத் தொட்டி?"

"எங்க வீட்டுப் பூந்தொட்டி சார். அன்னிக்கே சொன்னேனே."

"சரி, நிஜக் குழாய்ல என்ன வந்துச்சு?"

"மேல நாலு விரல் அளவுக்கு இருக்கு. கீழ ஒண்ணுமே இல்ல சார்."

"ஒண்ணுமே இல்லைன்னா அப்புறம் எதைம்மா ஆராயறது? இல்லாததுக்கு யாரு பணம் தருவா?" என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, கூட்டம் முடியட்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், அதுவரைக்கும் அந்த நாலு விரலும் உங்களோடயே இருக்கட்டும் என்றிருக்கிறார்.

நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன், அதை மறைப்பதற்கில்லை.

"கெட்ட சேதி வந்தாதான் ஜனங்க பயப்படுவாங்க. பயந்தாதான் குப்பையைக் கடல்ல கொட்டறதை நிறுத்துவாங்க. பொய்யா இருந்தாலும் நல்லதுக்குத்தானே போகுது? உன் வேலையும் நிலைக்கும்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லா அடுக்கிலயும் இருக்குன்னா என்னங்க அர்த்தம்? எப்பவுமே இருந்துச்சுன்னு அர்த்தம். எப்பவுமே இருந்துச்சுன்னா யார் மேலயும் தப்பு இல்ல. நாலு விரல்தான்னு சொன்னாதான் யாரு போட்டதுன்னு கேக்க முடியும்."

நான் மிச்சத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

நிபுணர் கூட்டத்தில் அவள் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். பூந்தொட்டி, கரித்தூள், மண்புழு, எதையும் விடவில்லை. பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் பூந்தொட்டி மண்ணில் இவ்வளவு பிளாஸ்டிக் இருப்பது அதைவிடக் கவலைக்குரிய விஷயம் அல்லவா என்றார். அங்கிருந்து கூட்டம் தொட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. வீட்டுத் தொட்டி, அலுவலகத் தொட்டி, தொங்கும் தொட்டி என்று வகை பிரித்து, 'பூந்தொட்டி மண்: அவசர ஆய்வுத் தேவை' என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கான திட்டத்துக்கு மேலாய்வுதான் தலைவர்.

என் மனைவியின் நாலு விரலைப் பற்றியும் ஒரு வரி எழுதினார்கள். ஒரே குழாய், ஒரே ஆள் எண்ணியது, நம்பத்தகாத அளவுக்குச் சுத்தம், வேறு ஆய்வகத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று. குழாயின் மற்ற பாதி அப்படியே இருக்கிறது, எங்கள் அறைக்கு வந்து பருத்தி உடுத்தி நீங்களே எண்ணிப் பாருங்கள் என்று அவள் கேட்டாள். எல்லாரும் வருகிறேன் என்றார்கள். யாரும் வரவில்லை. அழுக்கு என்று சொன்னபோது ஒருவரும் சாட்சி கேட்கவில்லை. சுத்தம் என்று சொன்னவள்தான் திருடியைப் போல நிற்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது.

ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெட்டி தூக்க நான் போனேன். பருத்திச் சட்டை, பருத்தி வேட்டி, தலைக்குப் பருத்தித் துணி, அத்தனையும் கட்டிக்கொண்டு முதல்முறையாகக் கண்ணாடிக்கு உள்ளே கால் வைத்தேன். நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ செருமினார்கள். நாற்காலிக்காரர். புதிதாக வாங்கிய பருத்தி உடுப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"உள்ள வரலாமாம்மா? பலகையில போட்டிருக்கற மாதிரிதான் வந்திருக்கேன்."

வந்த காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். "அடியில கடல் சுத்தமா இருக்குன்னு நீங்க சொன்னீங்களாமே. என்னை எல்லாரும் கரிச்சுக் கொட்டறாங்க. அதை ஒரு விளம்பரமா போடலாம்னு பாத்தேன். அதுக்கு முன்னாடி என் கண்ணால பாத்துடலாமேன்னு."

என் மனைவி முகம் சுளிக்கவில்லை. குழாயின் மற்ற பாதியைத் திறந்து, அவரை நுண்ணோக்கி முன் உட்கார வைத்து, அடியிலிருந்து ஒவ்வொரு அடுக்காகக் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார், குரலில் ஒரு குதூகலம். நாலு விரல் அளவுக்கு வந்ததும் பேச்சு நின்றது. அதற்கு மேலே போகப் போகக் குனிந்தபடியே இருந்தார்.

"அம்மா, நான் தொழில் ஆரம்பிச்சு முப்பது வருஷம் ஆச்சு. அது இதுல எங்க வரும்?"

அவள் மண்ணைத் தொடாமல் விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். மேலிருந்து இரண்டு விரல் அளவு. அவர் தன் இரண்டு விரலை அதற்கு நேராகக் காற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். விளம்பரம் வரவில்லை. நாற்காலி வந்துகொண்டுதான் இருக்கிறது.

அவர் போன பிறகு நுண்ணோக்கி சும்மாதானே இருக்கிறது என்று நான் உட்கார்ந்தேன். அவள் சட்டென்று, "நீங்க வேண்டாங்க, நேரமாச்சு" என்றாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். மேலடுக்கில் இழைகளுக்கு நடுவே ஒரு துணுக்கு. சாம்பல் நிறம், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் ரம்பம் பட்ட கீறல். தினமும் என் கடை வாசலில் நான் குழாய் அறுக்கும்போது உதிர்ந்து, நான் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் தள்ளுகிற அதே துணுக்கு. பல பிளாஸ்டிக் மிதக்கலாம், பிவிசி மூழ்கும். அதை எனக்குச் சொன்னவளே அவள்தான்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"உங்களுதுன்னு எப்படிங்க சொல்ல முடியும்? உலகம் பூரா குழாய்க் கடை இருக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கட்டினாள்.

மறுநாள் கடையைத் திறந்தேன். முதல் ஆளாக, புதிதாக வீடு கட்டுகிற ஒருவர் வந்தார். சாம்பல் நிறக் குழாயைத் தட்டிப் பார்த்தார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மண்ணுக்குள்ள போட்டா தாங்குமா? மட்கிப் போயிடாதே?"

"ஒண்ணும் ஆகாதுங்க. நாம போன பிறகும் அப்படியே கிடக்கும்" என்றேன்.

நல்லதாப் போச்சு என்று சொல்லி, இன்னும் நாலு குழாய் சேர்த்துக் கட்டச் சொன்னார்.